தையல்காரியும் பஸ்ஸில் முறைத்தவரும்

என் மனைவி தையல்காரி. மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பூட்டுக் கடைக்காரன். வாயையும் பூட்டி வைத்திருப்பதால் குடும்பம் ஓடுகிறது.

மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். "பாவம்" என்று உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதனால் உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்கள்கூட வேண்டாம். பேச்சுத் துணைக்கு நான் மட்டும்தான். என் பேச்சின் லட்சணம்தான் தெரியுமே. இவள் இப்படியே தனித்துப் போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

பையனுக்குக் கை கால் கொஞ்சம் குட்டை, கழுத்து பருமன். கடைச் சட்டையில் கை விரலைத் தாண்டித் தொங்கும், கழுத்துப் பொத்தான் எட்டாது. எல்லாம் அவளே தைப்பாள்.

ஒருநாள் மூவரும் பஸ்ஸில் போனோம். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் வைத்த கண் வாங்காமல் பையனையே பார்த்தார். இவள் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? புள்ளைங்களைப் பாத்ததே இல்லையா?"

பஸ்ஸே திரும்பியது. நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன்.

"புள்ளையைப் பாக்கலம்மா, சட்டையைப் பாக்குறேன். கை இவ்வளவு கச்சிதமா இருக்கே, எந்தக் கடை? எம் பொண்ணுக்கு எதை வாங்குனாலும் மடிச்சு மடிச்சு விட வேண்டியிருக்கு."

போனில் மகள் படத்தைக் காட்டினார். சுருட்டிவிட்ட சட்டைக் கை, எங்கள் மகனுடையது போன்ற கண்கள், வாய் நிறையச் சிரிப்பு.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் என் மனைவி. கல்யாணமானதிலிருந்து நான் கேட்டறியாத வார்த்தை. பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டு, அக்கா வீட்டில்தான் போய் இறங்கினோம்.

அந்த அக்கா வழியாக இன்னும் சில குடும்பங்கள் பழக்கமாயின. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. அளவு கொடுக்க வருவதாகப் பேர். மிஷினைவிட வாய்கள்தான் அதிகம் ஓடுகின்றன. எந்த டாக்டர் முகம் பார்த்துப் பேசுவார், எந்தப் பள்ளியில் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள், எல்லாம் அலசப்படும். பிள்ளைகள் குதித்துக் கட்டில் காலை ஒடித்துவிட்டார்கள். செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன். அத்தனை சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

போன வாரம் அக்கா ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். அவர்கள் கைக்குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம். தாய்க்காரிக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என்ன ஆறுதல் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, என் மனைவி குழந்தையை வாங்கி முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"இவன் யாரு ஜாடை?"

எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்பதுதான். எங்கள் மகனைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் திகைத்துப்போனாள். குழந்தையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"மூக்கு இவரோடதுங்க. முறைக்கும்போது மட்டும் அப்படியே எங்க மாமியார்."

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். கணவன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பேரன் அவங்க ஜாடைன்னு எங்கம்மாகிட்ட இன்னும் யாருமே சொல்லல" என்றவன், அங்கேயே போனை எடுத்தான்.