ஒட்டாமல் கொடுத்த கடித உறை

பூநகரிப் பக்கம் ஒரு கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன். சண்டை நேரம் ஷெல் விழுந்ததிலிருந்து எனக்கு இடது காது கேளாது. கடையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. வாயசைவைப் பார்த்துச் சமாளித்தேன்.

வேலை செய்தாலும் மாற்றுத்திறனாளி உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிந்து படிவம் நிரப்பினேன். பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒரு நாள் லீவு வேண்டும். எங்கள் ஊர் பஸ் அப்படி. போகிறவர்களிடம் கடதாசியைக் கொடுத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். என்னோடு வேலை செய்யும் சிநேகிதி அடுத்த கிழமை அந்தப் பக்கம் போக இருந்தாள். "கொண்டா, நான் குடுத்துவிடுறன்" என்றாள். டொக்டரின் சான்றிதழையும் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒட்டவில்லை. அவளை நம்பாமல் ஒட்டுவதா?

அடுத்த நாள் கடையில் எல்லோரும் என்னோடு கத்திக் கதைத்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. முதலாளி கையையும் ஆட்டி, "பிள்ளை, இனி நீங்கள் பின்னுக்கு ஸ்டோரில நில்லுங்கோ!" என்று கத்தினார்.

அவளிடம் கேட்டேன்.

"உன்ர நன்மைக்குத்தானடி சொன்னனான்."

என் நன்மையை என்னிடம் கேட்டாளா?

இப்போது லீவு போனாலும் பரவாயில்லை, என் கடதாசிகளை நானே கொண்டுபோகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறோம். முன்பெல்லாம் கேட்கிற காதை அவள் பக்கம் வைத்து இருப்பேன். இப்போது கேளாத காதுதான் அவளுக்கு.