வசந்தா அக்காவின் வழக்கு எண்

செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரியவில்லை. வழக்கமாக இரண்டாம் பாடவேளைக்கே சன்னல் வழியாகச் சாம்பார் மணம் வந்துவிடும். அன்று வரவில்லை. தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாக வந்து, "நம்ம வசந்தாம்மா ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். மஞ்சள் காமாலை என்று படுத்தவர், தீபாவளிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். நாங்கள் நின்றோம். வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை குழாயடியில் அக்காவைப் பற்றித்தான் பேச்சு.

"பாவம், நல்ல பொம்பள. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அவ மேல திருட்டுக் கேசு ஒண்ணு இருந்துச்சே, அது இன்னா ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? அது பாட்டுக்கு நடந்துகினு இருந்திருக்கும்."

எனக்குத் தெரியும். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையில் அக்காவைப் பற்றி யாராவது எழுதுங்கள் என்று தமிழ் அம்மா கேட்டபோதும் கையைத் தூக்கவில்லை. பிறகு தனியாகப் போய்ச் சொன்னேன். "பயமாக இருந்தால் பேர் போட வேண்டாம்" என்றார். அதனால் எழுதுகிறேன். அப்பா அடுத்த அறையில் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, இருமல் நின்றதும் மறுபடி எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையைப் பள்ளி வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். நம் தெருக்காரர்கள் எல்லாரும் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான்.

திருமுல்லைவாயிலில் எங்கள் வரிசை வீடுகளில் கடைசி வீடு அக்காவுடையது. முன்பு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். அங்கே ஸ்டோர் அறையில் பித்தளைச் சாமான் காணாமல் போனது. அந்த அறையில் வேலை பார்த்த மூன்று பெண்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். அக்காவைக் கூட்டிப்போக ஜீப் வந்ததைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஜாமீனில் வந்து, சில வருடம் வழக்கு நடந்து, விடுதலையான அன்று அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதை யாரும் பார்க்கவில்லை. "ஜீப்பு வந்தா பார்க்க வருவாங்க. பஸ்ஸுல வந்தா யாரு வருவா?" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

என் அப்பா அந்த வீட்டுப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஆவடி தொழிற்சாலையில் வேலை. "போலீஸ் விசாரிச்சுத்தான் எனக்கு இந்த வேலையே கொடுத்தாங்க. கேஸ் இருக்கிற வீட்டு வாசல்ல உன்னைப் பாத்தேன், உன் படிப்பு அன்னிக்கோட நிக்கும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் பயம் அவருக்கு. சொன்னதைச் செய்கிறவர் என்பதால் என் பயம் எனக்கு.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சத்துணவு வேலைக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். உடனே யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள், திருட்டுக் கேஸ் உள்ளவள் என்று. விடுதலை ஆனதற்குத் தீர்ப்பு நகல் கொண்டு வந்தால்தான் வேலை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வழக்கை நடத்திய வக்கீல் இறந்துபோயிருந்தார். அக்காவிடம் இருந்தது பழைய ஜாமீன் காகிதம் ஒன்றுதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் மனு எழுத என்னைக் கேட்டார். அரையாண்டு விடுமுறை. அம்மா என் தலையை வாரிவிட்டு, "அப்பா ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனோம். ஜாமீன் காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து மனு எழுதி, கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன். நகல் பிரிவில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "வசந்தான்னு கேஸே இல்லையேம்மா" என்றார்.

நான் கிளம்பத் திரும்பிவிட்டேன். அக்கா அசையவில்லை. "இல்லைன்னு சொல்லாத நைனா. எங்க கீதுன்னு சொல்லு" என்றார்.

நகல் பிரிவுக்காரர் சிரித்துவிட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்து, பொறுமையாக விளக்கினார். அது போலீஸ் ஸ்டேஷன் போட்ட குற்ற எண். கோர்ட்டுக்கு வந்ததும் வழக்குக்கு வேறு எண் கொடுப்பார்கள். நகல் கேட்க அந்த எண்தான் வேண்டும். அது தெரியாவிட்டால் தீர்ப்பு வந்த மாதமும், முதல் எதிரியின் பெயரும் தெரிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் எதிரி என்பார்கள், பதிவேட்டில் முதல் ஆளின் பெயர்தான் இருக்கும்.

"மொதோ ஆளு கன்னியம்மா. நான் மூணாவது" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா கண்ணு, கேஸுல கூட எனக்கு முன் வரிசை இல்ல" என்றார். வருடம் நினைவிருந்தது, மாதத்தையும் யோசித்துச் சொன்னார். தீர்ப்பன்று வெளியே வந்ததும் மூன்று பேரும் ஆடிக் கூழ் வாங்கிக் குடித்தார்களாம். ஆடி என்றதும் நகல் பிரிவுக்காரர் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதப் பக்கங்களை மட்டும் பார்த்தார். கன்னியம்மா கிடைத்தார். வழக்கு எண்ணும் கிடைத்தது.

மனுவைத் திருத்தி எழுதும்போது, தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போகிறவர்களுக்குத் தீர்ப்பு நகலை அப்போதே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அப்போ உள்ள போயிருந்தா ஓசியில குடுத்திருப்பான். போவாததுக்கு நான் மனு போட்டுக்கினு நிக்கிறேன்!" வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். கோர்ட்டில் அத்தனை பேர் சிரிப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த மனுவும் வீணாகப் போனது. நகல் தயாரானால் தபால் வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்தோம். தபால் வராது. எந்த மனுவுக்கு நகல் எடுக்க எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் பார்த்து, அதை வாங்கிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. நாங்கள் போனபோது எங்களுடையது தள்ளுபடி ஆகியிருந்தது. நான் அழுதேன். மறுநாள் பள்ளி திறக்கிறது, இனிமேல் என்னால் வரவும் முடியாது. அக்கா முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, "நீ அழுதா பலகையில பேர் வந்துடுமா? இன்னொரு மனு எழுது" என்றார்.

எழுதினேன். புது மனுவின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கப் போனபோது இடது கையை நீட்டினார். "இதுல எழுது. காயிதத்த பஸ்ஸுல உட்டுடுவேன். கைய எங்க உடறது?" உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். அதன் பிறகு தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், அழிந்திருந்தால் மறுபடி எழுதுவேன். பிறகு பூந்தமல்லிக்குப் போய், உள்ளங்கையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்ப்பாராம். "கோர்ட்டுல எல்லாரும் நான் பலகைய ஆசீர்வாதம் பண்றேன்னு நெனைக்கிறான்" என்றார்.

ஒரு மாலை கையை வீசிக்கொண்டே தெருவில் வந்தார். மறு கையில் நகல். கோர்ட் முத்திரை இருந்தது. அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார். கோர்ட் தமிழ், மூச்சு வாங்கியது. படித்து முடித்ததும் கேட்டார்: "நான் எடுக்கலைன்னு போட்டுக்கீதா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நீங்க எடுத்தீங்கன்னு அவங்களால நிரூபிக்க முடியலைன்னு போட்டிருக்குக்கா. அதனால விடுதலைன்னு."

நகலை வாங்கி மடித்துக்கொண்டு, "அவங்களுக்குத் தெரிஞ்சத அவங்க எழுதிக்கீறாங்க. எனக்குத் தெரிஞ்சது என்னாண்ட கீது" என்றார். அடுத்த வாரமே கரண்டியோடு எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டார். முட்டை நாளில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் முட்டை கிடைத்த பிறகுதான் உட்காருவார். அவரைக் கேஸ்காரி என்று சொன்ன வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே முட்டைதான், அதே "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா கண்ணு?"தான்.

அந்த நகல் அலுவலகக் கோப்புக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது வழக்கு எண் மட்டும்தான். இன்று அதை என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். குழாயடியில் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: வசந்தா அக்கா விடுதலை ஆனவர். சந்தேகம் இருந்தால் பூந்தமல்லிக்குப் போங்கள். போலீஸ் எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். கன்னியம்மா பெயரைச் சொல்லுங்கள், ஆடி மாதம் என்று சொல்லுங்கள். ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுத்துவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இல்லை என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வழக்கு எண் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், சொல்கிறேன். அப்பா வீட்டில் இருந்தாலும் தட்டுங்கள்.

செ. தேன்மொழி,
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு