பெஞ்சில் எனக்கு இடம் பிடித்த ஜமீலா

ஜமீலா போய்விட்டாள்... பாரிஸில், நேற்று. ஹார்ட் அட்டாக். அவள் மகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. எண்பதுகளில், மிஷன் வீதியில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் கிளாஸில் என்கூடப் படித்தவள். அந்த பேட்ச்சில் நாங்கள் இரண்டே பெண்கள்.

நான் முதலியார்பேட்டை, மில் தொழிலாளி மகள். அவள் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. பேசிக் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி படிக்கிறோம் என்றால் இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் புரியாது. எங்களுக்கு நாங்கள்தான்.

'லெஃப்ட் டாலர்' படித்த அன்று... ஒரு வார்த்தையின் முன்பக்கத்தை வெட்டித் தரும் ஃபங்ஷன் அது. ஜமீலா என் பெயரை இங்கிலீஷில் போட்டு முதல் ஐந்து எழுத்து கேட்டாள். தனலட்சுமி போய் 'தனா' வந்தது. அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள்.

மெஷின் இரண்டுதான். ஒன்றுக்கு இரண்டு பேர். முதலில் உட்காரவில்லை என்றால் கரண்ட் போய்விடும், இல்லை நேரம் முடிந்துவிடும்.

சண்டை வராமல் இருக்க சார் ஒரு புரோகிராம் போட்டு வைத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வரிசைதான் நம்பர். இஷ்டத்துக்கு ஒரு நம்பர் எடுத்துத் தரும் 'ஆர்.என்.டி' ஃபங்ஷன் ஆளைக் கூப்பிடும்; முதலில் வரும் இரண்டு நம்பருக்கு முதல் மெஷின்.

தினமும் ஜமீலா முன்னாலேயே வந்து, என் கையைப் பிடித்து இழுத்து ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் ஒரு இடத்தில் உட்காருவாள். தினமும் எங்கள் இரண்டு பேருக்கும்தான் முதல் மெஷின். பசங்க வயிறெரிந்தார்கள். நான் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் படியிறங்கும்போது மெல்லச் சொன்னாள். "ஆன் பண்ணதும் அது டெய்லி அதே நம்பரத்தான்டி சொல்லுது. ஒருத்தரும் கவனிக்கல. நீயும் வாயத் தொறக்காத."

பிறகு சார் புத்தகத்தில் 'ராண்டமைஸ்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்தால்தான் நம்பர் மாறுமாம். "இத்தினி நாளா ஒரே நம்பர் வந்துருக்கு, எவனாவது சொன்னீங்களாய்யா?" என்றார். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் பெரும்பாலும் வேறு வேறு மெஷின். என் பக்கத்தில் வந்தவன் கீபோர்டைத் தொடவே விடமாட்டான். "நீ படி, நா அடிக்கிறேன்." ஜமீலா அங்கிருந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

கோர்ஸ் முடியும் முன்பே நிக்காஹ். மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. "மிச்ச பாடத்த எழுதி அனுப்புடி" என்று சொல்லிவிட்டு பாரிஸ் போனாள். அனுப்பினேன். 'இங்க தொட்டுப் பாக்க மெஷின் இல்ல தனா' என்று ஒரு பதில்... அப்புறம் பெருநாளுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

எனக்கு கம்ப்யூட்டரிலேயே வேலை கிடைத்தது, ரிடையரும் ஆகிவிட்டேன். எத்தனையோ பேர்கூட வேலை பார்த்தேன். ஒரு புரோகிராம் ஓடியதும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க அப்புறம் யாரும் அமையவில்லை.

இன்று காலை மகளுக்கு போன் செய்தேன். திக்கித் திக்கித் தமிழ் பேசுகிறாள்.

"ஆன்ட்டி, நீங்க அம்மாகூட தையல் கிளாஸ் படிச்சீங்களா?"

"இல்லம்மா... கம்ப்யூட்டர் கிளாஸ்."

"எங்கம்மாவா? போன்ல போட்டோ அனுப்பக்கூட நாங்கதானே செஞ்சு குடுப்போம்... அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது ஆன்ட்டி."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

தெரியும்மா. உங்கம்மாவுக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட நல்லாத் தெரியும்.

அதைப் பார்த்தவள் இனிமேல் நான் ஒருத்திதான்.

போய் வா ஜமீலா...