கடலுக்கென்று கட்டிய பை

தீவில் ஜீப் நின்றுபோன கதையை என் வீட்டுக்காரர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் எவரும் அதிலிருந்து தப்பியதில்லை. அவர் சொல்வதில் ஜீப் உண்டு, டீசல் குழாய் உண்டு, வாயைப் பிளந்து நின்ற வெளிநாட்டு டிரைவர் உண்டு. நான் கிடையாது. கடலும் கிடையாது. கேட்பவர்கள் சிரித்துவிட்டு இலைக்கு எழுந்து போகிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அது என் நாள். என்னிடமிருந்து பிடுங்கிய நாளை அவர் தன் வீரப் பிரதாபமாகச் சொல்லித் திரிகிறார். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ரிக் தொழில். லாரிமேல் பூட்டிய இயந்திரத்தைக் கொண்டுபோய் ஆழ்துளைக் கிணறு போடுவது. எங்கள் ஊர் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் பெரும்பாலும் வண்டியோடு இருந்தார், நான் போனோடு இருந்தேன். மழைக்காலத்தில் வேலை நின்று வண்டி ஊர் திரும்பினால்தான் அவரும் திரும்புவார். குஜராத்தில் கடல் பார்த்தார், ஒடிசாவில் கடல் பார்த்தார். ஆனால் கடல் என்றாலே அவருக்கு ஆகாது. கடலோரத்தில் துளை போட்டால் உப்புத் தண்ணீர் வரும், போடச் சொன்னவனிடம் பேச்சு வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குக் கடல்.

நானும் கடலைப் பார்த்ததுண்டு. திருச்செந்தூரில் ஒருமுறை, ராமேஸ்வரத்தில் ஒருமுறை. இரண்டு தடவையும் சொந்தக்காரர்கள் குளிக்க, நான் மணலில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்கும் செயினுக்கும் காவல். அதை ஒருநாள் போனில் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோது, "வண்டிய உட்டுட்டு வந்ததும் நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன் அம்மிணி, ரண்டு பேரும் சேந்து எறங்கலாம்" என்றார். எந்த ஊரிலிருந்து பேசினார் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவருக்குச் சொன்னதே நினைவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தால்தானே? நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றினார். கிரைண்டரைக் கழற்றினார். பக்கத்து வீட்டுத் தறியில் ஏதோ சத்தம் வருகிறது என்று அங்கேயும் போய்க் கழற்றினார். கடலைப் பற்றி நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். "போலாம், போலாம்" என்றார்.

அப்போதுதான் ரிக்குகளுக்கு ஆயில் விற்கும் கம்பெனி ஒன்று, தன்னிடம் வாங்குகிறவர்களைத் தம்பதி சகிதமாகத் தாய்லாந்து கூட்டிப்போவதாகச் சொன்னது. மூன்றாம் நாள் ஒரு தீவு. காலையில் படகில் போய், காட்டுமலைப் பாதையில் ஜீப் சவாரி. பன்னிரண்டரைக்குக் கடற்கரையில் சாப்பாடு. நான்கு மணிக்குப் படகு ஏறும்வரை கடலில் குளியல். அவர்கள் கொடுத்த பயணத்திட்டத் தாளை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். சாப்பாட்டைக் கழித்தால் மூன்று மணி நேரம் கடல். மற்ற நாட்களெல்லாம் கடை கடையாகத் திரிவதுதான். எனக்கு வேண்டியது அந்த மூன்று மணி நேரம். அவரும் நானும் சேர்ந்து தண்ணீரில் நிற்க வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்கென்று தனியாக ஒரு பை கட்டினேன். இரண்டு துண்டு, புதுச் சோப்பு, சீப்பு, அவருக்கு அரை டிரவுசர், எனக்கு மாற்றுத்துணி. சேலையோடு கடலில் இறங்கினால் காலைத் தட்டும் என்று கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சுடிதார் தைத்துக்கொண்டேன். "இந்த வயசுல எதுக்குங்க்கா?" என்று தையல்காரி கேட்டாள். கடலுக்கு என்றேன். அவள் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தீவில் எங்கள் ஜீப்பில் நான்கு ஜோடி. எல்லோரும் ரிக்காரர்கள் அல்லது லாரிக்காரர்கள். ஜீப்பைக் கண்டதும் ஆண்கள் நால்வரும் பொண்ணு பார்க்க வந்தவர்கள்போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குனிந்து அடியைப் பார்த்தார்கள். டயரைத் தட்டினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க டிரைவர், அந்தத் தீவுக்காரர், இவர்கள் எப்போது ஏறுவார்கள் என்று ஸ்டீரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார்.

பாதை செம்மண்ணும் பாறையுமாக இருந்தது. ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. என் பக்கத்தில் சேந்தமங்கலத்து லாரிக்காரரின் மனைவி. "இதுக்கு எங்க கொல்லிமலையே தேவலைங்க்கா. இத்தன தூரம் பறந்து வந்து குலுங்கோணுமா?" என்றாள். இறங்கினால் கடல் என்று அவளைத் தேற்றினேன். மேடெல்லாம் முடிந்து கடைசி இறக்கம் வந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அங்கேதான் ஜீப் இரண்டு இருமல் இருமி நின்றது.

டிரைவர் பதறவே இல்லை. போனை எடுத்துப் பேசினார். கூட வந்த சென்னைக்கார கைடு எங்களிடம் திரும்பி, "டென்ஷன் வேணாம் சார், இருபது நிமிஷத்துல வேற ஜீப் வந்துடும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பானெட் திறந்திருந்தது. நான்கு தலையும் உள்ளே இருந்தன.

"ஏர் லாக்குங்க."

"டீசல் ஓஸ் வெடிச்சிருக்குது பாருங்க. காத்த உறிஞ்சுது."

"ரண்டு நிமிச வேல."

கடைசியாகச் சொன்னது என் வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷமாக அவருடைய இரண்டு நிமிஷத்தை நான் அறிவேன்.

முதலில் கை துடைக்கத் துண்டு கேட்டார். கொடுத்தேன். வெள்ளைத் துண்டு. திரும்பி வரும்போது கறுப்பாக இருந்தது. அடுத்து, "அம்மிணி, சோப்பு வெச்சிருக்கியா?" என்றார். வெடித்த இடத்தில் சோப்பைக் குழைத்து அப்பினால் கசிவு நிற்குமாம், ராஜஸ்தானில் இப்படித்தான் நானூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தாராம். உறை பிரிக்காத சோப்பு. உறையை அவரே பிரித்து, பாதியை ஒடித்து, எச்சில் தொட்டுப் பிசைந்தார். கடலில் குளித்துவிட்டுத் தேய்க்க வைத்திருந்தது அது. பிறகு சுற்றிக் கட்ட மெல்லிய துணி வேண்டும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் தோளிலிருந்த சுடிதார் ஷாலின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்துவிட்டார். புது ஷால். அதற்கும் மேல் இறுக்குவதற்கு என் தலைமுடியில் இருந்த ரப்பர் பேண்டு. தலைவிரி கோலமாக நான் நின்றேன். எங்கள் ஊரில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் மாற்று ஜீப் வந்தது. சொன்னபடி இருபது நிமிஷத்தில், காலியாக, சுத்தமாக, எங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே வந்து நின்றது. அதை இவர்கள் திருப்பி அனுப்பினார்கள்! "வண்டிய வழியில போட்டுட்டுப் போறதாவது! இந்தா, முடிஞ்சுது, இதுலயே வாரோம்" என்று என் வீட்டுக்காரர் சொல்ல, மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள். வண்டி என்ன இவர் சம்பாதித்ததா? வண்டி நின்றுபோன ஊரில் அதோடேயே படுத்துக் கிடந்து பழகிய ஜாதி. தொழிலில் அது தர்மம், ஒப்புக்கொள்கிறேன். சுற்றுலா வந்த இடத்தில் அடுத்தவன் ஜீப்புக்கு எதற்கு அந்தத் தர்மம்?

கைடிடம் பெண்கள் மட்டுமாவது அந்த ஜீப்பில் போகிறோம் என்றேன். "சேந்தே போலாம் அம்மிணி, ரண்டு நிமிசம்" என்று பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கைடு என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். இதில் என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நான் பேசாமல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். காலடியில்தான் படி இருந்தது. ஏறவில்லை. அவர் சொன்னதும் நின்றுவிட்ட என் காலை என்ன செய்வது? வந்த ஜீப் வேறு ஆட்களை ஏற்ற வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டது. எங்கள் டிரைவர் ஒரு மரத்தடியில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர்தான் அன்றைக்குப் புத்தியுள்ள ஆம்பளை.

ஒரு மணி ஆயிற்று. இரண்டாயிற்று. கைடு நடந்து போய்க் கடற்கரையிலிருந்து பொட்டலச் சோறு வாங்கி வந்தார். ஆண்கள் நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி குனிந்தார்கள். ஒருமுறை ஜீப் உறுமி எழுந்தது. சோப்பு பிதுங்கி வெளியே வந்து மறுபடி நின்றது. அதற்கு அவர்கள் வருத்தப்பட்டிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். "பாத்தீங்களா, நான் சொல்லலே?" என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாளில்தான் அந்த நான்கு பேருக்கும் சுற்றுலா தொடங்கியிருந்தது.

மூன்றேகால். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கைடு போய் வந்த வழி எனக்குத் தெரியும். பத்து நிமிஷ நடை. நான் எழுந்தேன். சேந்தமங்கலத்துக்காரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"நீங்க போங்க்கா. கேட்டா, ஒதுங்கப் போயிருக்கீங்கன்னு சொல்லிக்கறேன்" என்றாள்.

ஒரு பெண் கடலைப் பார்க்கப் போக அப்படி ஒரு பொய் வேண்டியிருக்கிறது. "நீயும் வா" என்றேன். அவள் தன் வீட்டுக்காரர் பக்கம் பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். பையை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். அதில் மிச்சமிருந்தது சீப்பும் அரை டிரவுசரும் இன்னொரு துண்டும் என் மாற்றுத்துணியும்தான்.

தென்னை மரங்கள் முடிந்ததும் கடல். செருப்பை உதறிவிட்டு நேராக உள்ளே நடந்தேன். கடல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முழங்கால், இடுப்பு என்று ஏறியது. அலை திரும்பும்போது காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது. நான் தடுமாறிச் சிரித்தேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. சந்தோஷமெல்லாம் இல்லை, ஆத்திரம். எத்தனை எளிதாக இருக்கிறது, பத்து நிமிஷம் நடந்தால் போதுமாக இருந்திருக்கிறது என்ற ஆத்திரம். பக்கத்தில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு அலை குதித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது ஹார்ன் சத்தம். தென்னைகளுக்கு நடுவிலிருந்து எங்கள் ஜீப் மணலில் பாய்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்தது என் வீட்டுக்காரர். டிரைவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். இவர் குதித்திறங்கி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். முகமெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு. அந்த மாதிரி ஒரு முகம் அவருக்கு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மழைக்கு வீடு திரும்பிய எந்த வருஷமும் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"ஓடுது பாத்தியா அம்மிணி! வா, வந்து சத்தத்தக் கேளு!"

"நீங்க இங்க வாங்க."

"கையெல்லாம் டீசலு."

"கடல்ல கழுவுங்க."

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீருக்கு வந்தார். குனிந்து கையைத் தேய்த்தார். தேய்த்தபடியே கழுத்தைத் திருப்பி ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் போல்ட்டைத் தளர்த்தியதும் காற்று வெளியேறியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் எங்கள் படகு கிளம்புவதற்கு ஹார்ன் அடித்தது.

"வா, வா, நேரமாச்சு" என்றார்.

"ரண்டு பேரும் சேந்து எறங்கலாம்னு சொன்னீங்க" என்றேன்.

"எப்போ?"

நான் இடுப்புத் தண்ணீரில் நின்றபடியே சொன்னேன்: "எறங்க வேண்டாம் போங்க. அங்கயே நில்லுங்க. அந்த ஜீப்ப உட்டுட்டு ஒருக்கா கடலப் பாருங்க. எங்கூடச் சேந்து பாருங்க. அப்புறம் வாரேன்."

அவர் நிமிர்ந்தார். இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பினார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி மறுபடி செருகும் நேரம்கூட ஆகியிருக்காது.

"பாத்தாச்சு. வா, படகு போயிரும்."

படகு மறுபடியும் ஹார்ன் அடித்தது. நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அலையை நோக்கி இன்னும் இரண்டு அடி உள்ளே போனேன்.

"ஏ, எங்க போறே?" என்று கத்தினார்.

"நான் இன்னும் பாத்து முடிக்கலீங்க" என்றேன்.