கப்பலுக்கு ரீசார்ஜ் கிடையாது

மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் பாதி டாக்டர், பாதி வக்கீல், முழு இளிச்சவாயன். நெட் வரவில்லை என்றால் கம்பெனிக்காரனை யார் தேடிப் போவது? மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கைக்கெட்டும் தூரத்தில் நான் இருக்கிறேனே! நீங்களும் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் ஒரு 'த்சொ' கொட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

கரை தெரிகிறதே!

என்னைக் கப்பல் நெட் நிபுணனாக்கிய புண்ணியவான் ஒரு மாட்டுங்கா மாமா. பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளை டிக்கெட் வாங்கித் தர, மாமியோடு சொகுசுக் கப்பலில் கோவா வரை போய்வந்தார். வந்ததும் போன் பில்லைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். கப்பல் கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பல் டவரைப் பிடித்துக்கொள்ளும், அது சாட்டிலைட் வழியாகப் போவதால் யானை விலை, குதிரை விலை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் மாமா ஒரு கால்கூடப் பண்ணவில்லை. வந்த ஒன்றை எடுத்தார், அவ்வளவுதான். லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் தன் சர்வீஸ் கதை முழுவதையும் சொல்லி, கடன் வாங்குவது ஏன் நல்லதில்லை என்று புத்திமதியும் சொல்லியிருக்கிறார். ரோமிங்கை அணைத்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டெக்குல நின்னா கரை கண்ணுக்குத் தெரியறது. கரை தெரியறச்சே அது எப்படி ஸார் ஃபாரின் ஆகும்?"

சித்தப்பாவின் ரோஜா

மாமா கதை பரவி, கப்பல் சம்பந்தமான எல்லாப் புகாரும் என்னிடம் வர ஆரம்பித்தது. அப்படி வந்தவள்தான் செல்வி. மாசமாக இருந்தாள். அவள் புருஷன் இசக்கிக்குச் சொகுசுக் கப்பல் கிச்சனில் காய் நறுக்குகிற வேலை. வேலைக்காரர்களுக்கு அங்கே நெட் ஓசியில்லை. சம்பளக் காசில் கார்டு வாங்க வேண்டும். நிமிஷக் கணக்கு. உள்ளே நுழைந்ததும் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

"சாப்ட்டியா" என்று கேட்கும்போதே லைன் கட்டாகிவிடுகிறது, அவருக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லையோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கிப் பார்த்தேன். குடும்ப குரூப்பில் இசக்கியின் சித்தப்பா தினமும் குட் மார்னிங் ரோஜா, முருகன், நீர்வீழ்ச்சி, சூரிய உதயம் என்று வரிசையாகப் போட்டிருந்தார். இசக்கி நெட்டைத் திறந்ததும் இவையெல்லாம் முண்டியடித்துக்கொண்டு இறங்கும். அது முடிவதற்குள் நிமிஷம் தீர்ந்துபோகும். தானாக இறங்காதபடி செட்டிங் மாற்றச் சொல் என்று வழி சொன்னேன். செல்விக்கு மனசு ஆறவில்லை. "எங்கிட்ட ரெண்டு வார்த்த பேச நேரமில்ல, ரோசாப்பூவுக்கு மட்டும் நேரம் இருக்கா அண்ணாச்சி?"

நீல டிக்

சித்தப்பாவைக் கடைக்கு வரவழைத்தேன். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. அண்ணன் செத்தபின் இசக்கியைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணம் கட்டவில்லை. ரோஜாவை நிறுத்துங்கள் என்று கறாராகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் போனைத் தடவிக்கொண்டே நின்றார். குரூப்பில் போடுவதை இசக்கிக்குத் தனியாகவும் போடுவாராம். எழுதத் தெரியாது, அதனால் படம்.

"நான் போட்டா ரெண்டு நாளு கழிச்சாவது நீல டிக்கு விழும் தம்பி. பய நல்லா இருக்கான்னு அர்த்தம். நீ அதையும் வேண்டாங்கியா?"

என் கறார் அத்தோடு போயிற்று. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எழுத்து வேண்டாம், படம் வேண்டாம், ஒரே ஒரு புள்ளி. எந்தக் கட்டையை அமுக்குவது என்று காட்டிக் கொடுத்தேன். புள்ளிக்கும் நீல டிக் விழும் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "எக்தம் சீப்பா, ரொம்ப மலிவா முடிஞ்சுபோச்சே தம்பி!"

புள்ளி போதாத நாள்

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. இசக்கி அதற்கென்றே ஒரு கார்டைத் தொடாமல் வைத்திருந்தான். குழந்தையின் படத்தை நான் சின்னதாக்கி அனுப்புவது, அவன் பார்க்கும்வரை குரூப்பில் யாரும் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு.

குழந்தையின் படமிருந்த செல்வியின் போனோடு சித்தப்பா ஓடிவந்தார். நான் படத்தை அனுப்பினேன். ஒற்றை டிக்கிலேயே நின்றது. குரூப்பைத் திறந்தால், கடைக்கு வரும் வழியிலேயே சித்தப்பா ஒரு வாணவேடிக்கை வீடியோவைப் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு காட்கோபர் அத்தை, குர்லா மச்சான், திருநெல்வேலிச் சொந்தம் அத்தனையும் பூங்கொத்தும் தொட்டிலுமாகக் கொட்டியிருந்தார்கள். பாவம் இசக்கி, மங்கலாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் தன் பிள்ளையோ என்று தொட்டுத் தொட்டுத் திறந்து பார்த்ததில் கார்டு தீர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் எந்த நம்பருக்கும் என்னால் ரீசார்ஜ் போட முடியும், அவன் கார்டுக்கு முடியாது. சித்தப்பாவைத் திட்டத் திரும்பினேன். மனுஷன் அழுதுகொண்டிருந்தார். "பிள்ள பொறந்த அன்னைக்கும் வெறும் புள்ளியா போடுவாவ தம்பி?"

மிச்ச நிமிஷம்

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செல்வி தன் போனை வாங்கி அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் போன் அடித்தது. கிச்சனில் கூட வேலை செய்யும் கோவாக்காரன் ஒருவன் தன் கார்டில் மிச்சமிருந்த நிமிஷங்களை இசக்கிக்குக் கொடுத்திருந்தான். "படம் சுத்திக்கிட்டே கெடக்கு, அது எறங்குததுக்குள்ள நேரம் போயிரும். மொகத்தத் துறைமுகத்துல எறங்கிப் பாத்துக்கிடுதேன். அழுகைய மட்டும் கேக்க வை" என்றான் இசக்கி.

குழந்தையோ அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா உள்ளங்காலைக் கிள்ளப் போனார். செல்வி அவர் கையைத் தட்டிவிட்டாள். நிமிஷம் ஓடுகிறதே என்று எனக்குப் பதறியது, தொழில் புத்தி. குழந்தையின் மூக்கருகே போனை வைத்தாள் செல்வி. நாங்கள் ஆளாளுக்கு "அழு தாயி, அழு தாயி" என்று குசுகுசுக்க, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது. "யாரும் பேசாதிய. பிள்ள மூச்சு விடுதது கேக்கு."

அதற்கப்புறம் லைன் தானாக அறுகிறவரை நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. கப்பலில் நெட் கொள்ளை விலை என்று இப்போது யாராவது புலம்பினால், பேசினதுக்கா பேசாமல் இருந்ததுக்கா என்று விசாரித்துவிட்டுத்தான் அனுதாபப்படுகிறேன்.