வலி நின்ற இடது கண்: சோமனூரிலிருந்து கோவைக்கு ஒரு நாள்

நாங்கள் கிளம்பியது கோயிலுக்கு. மாசியில், விசைத்தறி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு நெற்றியிலும் இடது கண்ணைச் சுற்றியும் அக்கி வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொண்டோம். கொப்புளம் வடிந்தும் கண்ணில் குத்தல் நிற்கவில்லை. அம்மனுக்குக் கண்மலர், அதாவது கண் வடிவில் தட்டிய வெள்ளித் தகடு, சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். சித்திரையில் குத்தல் அறவே நின்றது. பார்வை மங்கலும் சிவப்பும் இருந்தன. வலி போனபின் அதுவும் தெளிந்துவிடும் என்று நம்பினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். காந்திபுரம் போய், கண்மலர் சாத்திவிட்டு வெளியே வர ஒன்பதரை. மகள் போனில் சத்தம் போட்டதால் கண் ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டுப் போக ஆட்டோ பிடித்தோம், நூற்றிருபது ரூபாய். சும்மா காட்டத்தான் போகிறோம் என்றேன். "சும்மா போறவங்கள நான் அங்க எறக்கி விட்டதே இல்லீங்க" என்றார் ஓட்டுநர்.

அங்கிருந்த டாக்டரம்மா காலையில் நோயாளிகளைப் பார்ப்பவர், மதியத்துக்கு மேல் மாடியில் ஆராய்ச்சி செய்பவர். பஞ்சை நூலாகத் திரித்து வலது கருவிழியில் தொட்டார். என் வீட்டுக்காரர் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுத்து இடது கண். பஞ்சு விழிமேல் படிந்து வளைவதை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், இவர் இமைக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், எப்பத் தொடுவீங்க? நான் ரெடியாத்தான் இருக்கேன்."

"தொட்டாச்சுங்க" என்றேன் நான்.

"நோய் போயி வலி நிக்கலீங்க அக்கா. நரம்பு செத்துப்போயி நின்னிருக்குது" என்றார் டாக்டரம்மா.

மஞ்சள் மருந்து விட்டு நீல விளக்கில் காட்டினார். கருவிழியின் நடுவில் பச்சையாக மிளகளவு பள்ளம். அது ஓட்டையானால் கண்ணே போய்விடுமாம். நரம்பு வலியைச் சொல்வதோடு நிற்பதில்லையாம். அதன் நுனிகளிலிருந்து கசியும் நியூரோபெப்டைடு என்னும் நுண்ணிய புரதத் துணுக்குகள்தான் கருவிழியின் புண்ணை ஆற்றுகின்றன. நரம்பு செத்த கண்ணுக்கு அதையே சொட்டு மருந்தாகக் கொடுக்க முடியுமா என்பதே டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

அதை இன்றைக்கே விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"இன்னும் லேப்ல வளத்த செல்லுலதான் பாத்துட்டிருக்கேனுங்க. மனுசங் கண்ணுல விட எனக்குத் தைரியம் பத்தாதுங்க."

கண் வறண்டு புண் பெரிதாகாமலிருக்க இமையைப் பாதி மூடித் தைத்தார். "தறிச் சத்தத்துல காது பாதி போச்சு. கண்ணும் பாதியே இருக்கட்டுங்க" என்றார் இவர். திரும்பும் பஸ்ஸில் சாமி பேர் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அம்மன் மேல் குறையில்லை. குத்தல் நின்றதை அருள் என்று எடுத்துக்கொண்டது நான்.

போகிறவர்களுக்கு: நெற்றியிலோ மூக்கிலோ அக்கி வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். காவி எழுதுவதானாலும் அதற்குப் பிறகு. எட்டு மணிக்கு முன் போனால் சீக்கிரம் டோக்கன் கிடைக்கும். சொட்டு விட்டால் பார்வை கலங்கும், துணைக்கு ஆள் வேண்டும். மதியச் சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளம் மூடிவிட்டது, மங்கல் போகவில்லை. அந்தக் கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்தாலும் இவருக்குத் தெரியாது. தினமும் காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தைக்காத பாதியில் இமையை விலக்கிப் பார்க்கிறேன். சிவந்திருந்தால் நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.