இறங்கி வந்தவர்களின் வரலாற்றாசிரியர்

மே மாதக் கடைசி வாரத்தில் டென்மார்க்கில் எங்கள் வீடுகளில் ஃபோன் அடித்தால் யாரும் உடனே எடுப்பதில்லை. இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று அறிவித்துவிட்டார்கள். வன்னியில் அகப்பட்டிருந்த என் தங்கை வதனியைப் பற்றியும் அவளுடைய குடும்பத்தைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. அன்று மாலை அடித்த ஃபோனை நானும் சிறிது நேரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். மறுமுனையில் டேனிஷ் கேட்டது. செலீமின் மனைவி. "செலீம் போய்விட்டார். தோட்டத்தில் நின்றவர் அப்படியே விழுந்துவிட்டார்" என்றார். அவர் சொல்லி முடித்த பிறகும் நான் வேறொரு பெயரை எதிர்பார்த்தபடி நின்றிருந்தேன்.

இக்காஸ்ட் நகரில் நடந்த அந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு உங்களில் பலருக்கு அவர் 'செலீம் மாஸ்டர்'. எனக்கு, ஆசிரியர் அறையில் பல வருடங்கள் எதிர் நாற்காலியில் இருந்தவர். துருக்கியின் தென்கிழக்கிலிருந்து அகதியாக வந்த குர்து. பள்ளியில் வரலாறு கற்பித்தார். நான் பௌதிகம் கற்பிக்கிறேன். அவருடைய சொந்த ஆராய்ச்சி, ஒட்டோமன் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் மலைகளில் இருந்த குர்துச் சிற்றரசுகள். பித்லிஸ், ஹக்காரி, பொத்தான், சொரான் என்று பெயர்களைச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் மீர் என்றொரு தலைவன், பாறைமேல் ஒரு கோட்டை, பக்கத்து மீரோடு தீராத ஒரு பகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பழக்கம் ஒரு கணக்கில்தான் தொடங்கியது. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் படத்தை என் மேசையில் வைத்து, முற்றுகை நடந்தால் இது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டார். நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கோடையில் ஆவியாகிப் போவதைச் சேர்த்தால் இந்த விடை பொய்யாகிவிடும் என்றும் சொன்னேன். அவருக்கு அந்த இரண்டாவது பகுதிதான் பிடித்தது. "மதில் எவ்வளவு உயரம் என்று பாட்டுகள் சொல்லும். தொட்டி எப்போது வற்றியது என்று யாரும் பாடுவதில்லை" என்றார்.

இந்த வருடம் மார்ச்சில், இக்காஸ்டில் தமிழ் நண்பர்கள் அவரை அந்தக் கோட்டைகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஏற்பாடு செய்தவர் துணி ஆலையில் வேலை செய்யும் ஈசன் அண்ணை. மொழிபெயர்க்க நான் போனேன். மனமொப்பிப் போகவில்லை. குர்து மலை வேறு, வன்னி நிலம் வேறு. செலீமுக்கும் அதே எண்ணம்தான். ஒப்பிடுவது வரலாற்றாசிரியனின் சோம்பல் என்பார். ஆனால் அழைத்தவர்களுக்கு இல்லையென்று சொல்லமாட்டார்.

மண்டபத்தில், போரில் மாண்டவர்களுக்கான அகவணக்கத்துக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: 'வீழாத கோட்டைகள்'.

"தங்கச்சி, தலைப்பு நல்லாயிருக்கெல்லோ? நான்தான் வைச்சது" என்றார் ஈசன் அண்ணை.

என்ன எழுதியிருக்கிறது என்று செலீம் கேட்டார். சொன்னேன். அவர் பதாகையை நெடுநேரம் பார்த்தார். "அப்படி ஒன்றாவது இருந்தால் எனக்கும் வழி காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

"என்னவாம்?"

"பதாகை நல்ல பெரிசாம்" என்றேன்.

அவர் வீழ்ந்த கோட்டைகளைப் பற்றியே பேசினார். கடைசியாகப் பொத்தான் மீரின் கதைக்கு வந்தார். உறவினனே ஒட்டோமன் படையின் பக்கம் போய்விட்டான். மீர் மிச்சமிருந்தவர்களோடு கடைசிக் கோட்டைக்குள் புகுந்தான். பிறகு இறங்கி வந்து சரணடைந்தான். குடும்பத்தோடு நாடு கடத்தினார்கள். கதை அவ்வளவுதான். சபை வேறு முடிவுக்காகக் காத்திருந்தது.

ஈசன் அண்ணை எழுந்தார். "அப்ப இறங்கி வந்தவையை என்னெண்டு சொல்லுறது? அதை ஒருக்காக் கேளுங்கோ."

செலீம் யோசிக்கவில்லை. "என் பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கோட்டையில் குதிரை பார்த்தவன். மீரோடு இறங்கி வந்தான். அங்கேயே நின்று செத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நான் இங்கே நிற்பது இவன் இறங்கி வந்ததால்."

இந்த முறை நான் ஒன்றையும் மாற்றாமல் தமிழில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "உவரை ஆர் கூப்பிட்டது?" என்றார்.

"நான்தான் கூப்பிட்டது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்" என்றார் ஈசன் அண்ணை, திரும்பிப் பார்க்காமலே.

காரில் வரும்போது செலீமிடம் கோபப்பட்டேன். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் வன்னிக்குள்ளே ஒரு உறவு இருக்கிறது, கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் தங்கை வெளியே வந்தால் முதலில் உங்களைத்தான் அழைப்பாள். அவள் குனிந்த தலையோடு வருவாள். அப்போது என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வையுங்கள்" என்றார். வருவாளோ இல்லையோ என்பதே தெரியாதபோது அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டியது.

அவரை அடக்கம் செய்த அன்று நல்ல வெயில். மனைவி டேனிஷில் பேசத் தொடங்கி, பாதியில் குர்து மொழிக்கு மாறினார். ஈசன் அண்ணையும் வந்திருந்தார். ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகு ஒரு பிடி மண் போட்டார்.

அதற்கடுத்த வாரம் வதனி அழைத்தாள். இராணுவத்தின் தடுப்பு முகாமில் யாரோ ஒருவரின் ஃபோன்.

"அக்கா, நாங்கள் இந்தப் பக்கம் வந்திட்டம்."

"பிள்ளையள்?"

"ரெண்டும் என்னோட நிக்குதுகள். அவர் வரேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கை சனம் எங்களைப் பற்றி என்ன கதைக்கினம்? நாங்கள் வந்தது…"

"சனத்தை விடு. நீ வந்தது எனக்குப் போதும்" என்றேன். அவளைக் கேட்டு முடிக்க விடவில்லை. அதன் பிறகு இருவரும் அழுதோம். ஃபோனின் சொந்தக்காரர் கேட்டு வாங்கும்வரை அழுதோம்.

செலீமிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பதில்தான். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் சொல்லாதவள் நான். அதை மட்டும் தயங்காமல் சொன்னேன். நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே ஃபோனை வைத்தேன்.